இருபத்தாறு அடி வீடு

பெரிய வீட்டை விற்றுவிட்டு இருநூறு சதுர அடிக்குள் குடியேறுவதை அமெரிக்காவில் ஓய்வுக்காலத்தின் தொடக்கமாகவே பலர் வைத்துக்கொள்கிறார்கள். டிராவல் டிரெய்லர் என்று அதற்குப் பெயர். தனியாக என்ஜின் கிடையாது. பிக்கப் டிரக்கின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் உண்டு. குளிர்காலத்தில் தெற்கே அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா. கோடையில் வடக்கே மலைப்பக்கம். சொந்த வீடு என்று வேறொன்று இல்லாமல் ஆண்டு முழுக்க இப்படியே சுற்றுகிறவர்களும் உண்டு. விளம்பரங்கள் இதைச் சுதந்திரம் என்கின்றன. நான் பார்த்த விளம்பரப் படம் ஒன்றில் நரைத்த தலையோடு கணவர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனைவி இரண்டு கோப்பைகளோடு வண்டியின் படியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். காப்பி போட்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

2023 கோடை விடுமுறையில் ஒஹாயோவில் என் தங்கை வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் இருந்த தம்பதி அந்த ஆண்டு செப்டம்பரில் டிரெய்லர் வாழ்க்கையைத் தொடங்குவதாக இருந்தார்கள். இருவருக்கும் 67 வயது. அவர் 41 ஆண்டுகள் ஹீட்டர், ஏசி பழுதுபார்க்கும் வேலை செய்தவர். ஊரில் பாதி வீடுகளின் நிலவறைகளுக்குள் தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. அந்த அம்மா பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தங்கை அவரை அந்த ஊர் வழக்கப்படி பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எனக்கு அப்படி வாய் வரவில்லை. எங்களுக்குள் அவர் பக்கத்து வீட்டம்மா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

வீட்டைக் காலி செய்யும் வேலை ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டிருந்தது. சனிக்கிழமைதோறும் வீட்டு முன்புற ஓட்டுப்பாதையில் மேசை போட்டுப் பழைய பொருள்களை விற்றார்கள். அவருடைய மேசையில் குழாய்ச் சாவிகள், துளையிடும் எந்திரங்கள், மீன்பிடி தூண்டில்கள். அந்த அம்மாவின் மேசைகள் மூன்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கோப்பைகள், குளிர்கால மேலங்கிகள், கண்ணாடிப் பாத்திரங்கள், தையல் மெஷின், இறந்துபோன மாமியாரின் பீங்கான் தட்டுகள். எது யாருக்குப் போக வேண்டும், எதைக் கேட்காமல் தூக்கிப் போட்டால் எந்த மகள் வருத்தப்படுவாள், எந்தப் புகைப்படத்தை எத்தனை பிரதி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கணவர் சோம்பி இருக்கவில்லை. கொக்கியைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் மணிக்கணக்கில் படித்தார், வீடியோ பார்த்தார். அவருடைய வேலை போகப்போகிற வண்டியைப் பற்றியது. அந்த அம்மாவின் வேலை விட்டுப்போகிற வீட்டைப் பற்றியது. 38 ஆண்டுகள் ஒரு வீட்டை நடத்தியவருக்கே அதைக் கலைக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்திருந்தது.

"இவருக்கு இது பத்து வயதிலிருந்து இருக்கும் கனவு" என்றார் என்னிடம். "உங்களுக்கு?" என்று கேட்டேன். "எனக்கும் ஆசைதான். ஆனால் என் கனவில் சமையலறை இல்லை" என்று சிரித்தார்.

ஒருநாள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். சோஷியல் செக்யூரிட்டி எனப்படும் அமெரிக்க ஓய்வூதியத் திட்டத்தில், ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு சம்பாதித்தார் என்று காட்டும் பட்டியல் அது. அதிகமாகச் சம்பாதித்த 35 ஆண்டுகளை எடுத்துச் சராசரி பார்த்து ஓய்வூதியத்தைக் கணக்கிடுவார்கள். 35 ஆண்டு தேறவில்லை என்றால் குறைகிற ஆண்டுகளுக்குச் சைபர் போட்டுச் சராசரி பார்ப்பார்கள். பக்கத்து வீட்டம்மாவுக்குச் சம்பளம் வாங்கிய ஆண்டுகள் 24. மீதி 11 சைபர். ஏழு ஆண்டுகள் மூன்று குழந்தைகளுக்காக, நான்கு ஆண்டுகள் மறதி நோய் வந்த மாமியாருக்காக.

"என் மாமியாரைப் பார்த்துக்கொண்ட நாலு வருஷமும் சைபர். அவரை ஒரு இல்லத்தில் விட்டிருந்தால் அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு அது நாலு வருஷ வேலையாகக் கணக்கில் ஏறியிருக்கும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கிளினிக் கணக்கைச் சரிபார்க்கிறவர் பேசுவதுபோல் இருந்தது.

இந்தத் திட்டத்தின் வரலாறு நம் மாணவிகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 1935-இல் சட்டம் வந்தபோது வீட்டு வேலை செய்வோரும் விவசாயக் கூலிகளும் அதில் சேர்க்கப்படவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் பெரும்பகுதியினர் அன்று செய்துவந்தவை அந்த வேலைகளே. 1950களில்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். மாத ஓய்வூதியத்தின் முதல் காசோலை 1940 ஜனவரி 31 அன்று ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்ணுக்கு வழங்கப்பட்டது. தொகை 22 டாலர் 54 சென்ட். வெர்மான்ட் மாநிலத்தில் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், மணம் செய்துகொள்ளாதவர், நூறு வயது வரை வாழ்ந்தவர். மனைவிகளுக்கும் விதவைகளுக்கும் பங்கு உண்டு என்று 1939-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கணவரின் ஓய்வூதியத்தில் பாதி அளவுக்கு மனைவி பெறலாம். சொந்தமாகச் சம்பாதித்த ஓய்வூதியம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதை மட்டும் பெறுவார். இரண்டும் சேர்த்துக் கிடையாது.

பக்கத்து வீட்டம்மாவின் சொந்த ஓய்வூதியம் கணவருடையதில் பாதியைவிடச் சற்றே அதிகம். அதாவது 24 ஆண்டுகள் காலையில் எழுந்து வேலைக்குப் போய் வரி கட்டியதற்கு, ஒருநாளும் சம்பள வேலைக்குப் போகாத மனைவிக்குக் கிடைப்பதைவிட அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது மிகச் சில டாலர்கள்தாம். நாளைக்குக் கணவர் இல்லாமல் போனால் இரண்டு தொகைகளில் பெரியது நிற்கும், சிறியது நின்றுபோகும். அவருடைய சொந்த ஓய்வூதியம் என்ற ஒன்று அன்றோடு இல்லை. கணவரின் உழைப்பின் பெயரால்தான் அதற்குப் பிறகு அவருக்குப் பணம் வரும்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அன்று மாலை, சால்வை, மோதிரம், வேனில் ஊர்வலமாக வீடு வரை வந்து விட்டுப்போனார்கள். அன்று வீட்டுக்கு வந்த நாற்பது பேருக்கும் இலை போட்டது அம்மா. மறுநாள் காலையில் அப்பா திண்ணையில் செய்தித்தாளை விரித்தார். அம்மா வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கும் பதினோரு மணி டீக்கும் வீட்டில் ஆள் இருந்ததால் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. இப்போது குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். ஆண்டுக்கு ஒருமுறை கருவூல அலுவலகத்தில் நேர்காணலுக்குப் போய் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வருகிறார். விண்ணப்பத்தில் அவர் இன்னாரின் மனைவி. ஒஹாயோவில் பார்த்த காகிதத்துக்கும் கருவூலப் படிவத்துக்கும் இடையே கடல் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி நிரப்புகிறார்கள்.

டிரெய்லரை ஜூன் மாதத்தில் வாங்கி வந்தார்கள். இருபத்தாறு அடி நீளம், எட்டடி அகலம், சுமை ஏற்றினால் ஏறக்குறைய மூன்று டன். கொக்கி மாட்டுவதே ஒரு கணிதம். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் விழ வேண்டும். பின்பக்கம் எடை கூடிவிட்டால் நெடுஞ்சாலையில் வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும், டிரக்கையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். எனவே எந்த அலமாரியில் எதை வைப்பது என்பது உயிரோடு தொடர்புள்ள கேள்வி. அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். சாம்பல் தொட்டியில் பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர். கறுப்புத் தொட்டியில் கழிவறைக் கழிவு. சில நாட்களுக்கு ஒருமுறை கையுறை மாட்டிக்கொண்டு தடித்த குழாயைப் பொருத்திக் கறுப்புத் தொட்டியைத் திறந்துவிட வேண்டும். நகராட்சி செய்யும் வேலையையும் ஊர்க்கிணறு செய்யும் வேலையையும் இந்த வாழ்க்கையில் தம்பதியே செய்தாக வேண்டும். வீட்டு வேலை சுருங்கும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது முதல் பாடம்.

உள்ளே ஏறிப் பார்த்தேன். ஒரு முனையில் கட்டில், மறுமுனையில் குளியலறை, நடுவில் மூன்று பர்னர் கேஸ் அடுப்பு. அதற்கு நேர் எதிரே சாப்பாட்டு மேசை. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அடுப்பில் நிற்பவருக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை. கதவோ சுவரோ கிடையாது. நம்மூர்ப் பழைய வீடுகளில் அடுக்களையைப் பின்கட்டில் வைத்தார்கள். புகையும் வேர்வையும் முன்கட்டுக்குத் தெரியாது. சாப்பாடு மட்டும் முன்கட்டுக்கு வரும். இங்கே வெங்காயம் நறுக்குகிற கை, மேசையில் செய்தித்தாள் படிக்கிறவரின் முகத்துக்கு நேரே இருக்கிறது. எழுந்து நடக்க வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும்.

வேலை கண்ணில் பட்டால் பகிர்ந்துகொள்ளப்படும் என்று நம்ப எனக்கும் ஆசை. பக்கத்து வீட்டம்மா அதை நம்பவில்லை. "கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பார்க்காமல் இருக்கப் பழகியவர்கள் மூன்றடி தூரத்திலும் பார்க்க மாட்டார்கள். எழுதி வைத்தால்தான் படிப்பார்கள்" என்றார். எழுதியும் வைத்திருந்தார். காலியாகிக்கொண்டிருந்த வீட்டில் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாளில் ஐந்து விதிகள் இருந்தன.

ஒன்று, வண்டி ஓட்டுவது ஒருநாள் விட்டு ஒருநாள். ரிவர்ஸ் எடுப்பதும் இதில் அடக்கம். இரண்டு, சமையலும் அப்படியே. அவருடைய முறை வரும் நாளில் என்ன சமைக்கலாம் என்று என்னிடம் கேட்கக் கூடாது. மூன்று, தொட்டி, கேஸ், பேட்டரி, டயர் எல்லாம் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒஹாயோவுக்கு வந்து இரண்டு வாரம் தங்க வேண்டும். பேரக்குழந்தைகளுக்காகவும், இருபது ஆண்டுகளாக அவர் பாடிவந்த தேவாலயப் பாடகர் குழுவுக்காகவும். ஐந்து, வீடு விற்ற பணத்திலிருந்து, ஒரு சிறிய வீட்டை மூன்று ஆண்டு வாடகைக்கு எடுக்கப் போதுமான தொகை அவர் பெயரில் தனிக் கணக்கில் இருக்கும். அதை வண்டிப் பழுதுக்கோ வேறெதற்குமோ தொடக் கூடாது.

முதல் நான்கையும் கணவர் உடனே ஒப்புக்கொண்டார். ஐந்தாவது அவரைப் புண்படுத்தியது. 43 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பிறகு என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டாராம். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் போன பிறகு, "அக்கா, இந்த வயசுல எதுக்கு இப்படி ஒரு சண்டை? எல்லாம் ரெண்டு பேருக்கும் பொதுவாத்தானே இருக்கு?" என்றாள் தங்கை. பொதுவாக இருந்த வீட்டைத்தான் இப்போது விற்கிறார்கள் என்றேன். வீடு என்பது பெண்ணைக் கட்டிப்போடும் இடம் என்று நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அது திரும்பி வருவதற்கான இடமும்கூட. நோய் வந்தால், கணவர் இறந்தால், அல்லது ஒருநாள் இந்தச் சுற்றல் போதும் என்று தோன்றினால், போய் நிற்க ஓர் இடம். அதைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறச் சொல்லும்போது, ஏறுகிறவர் இறங்குவதற்கான வழியையும் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. கணவர் மூன்றாம் நாள் வங்கிக்குக் கூடவே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். முழுமனதாகப் போட்டாரா என்பது எனக்குத் தெரியாது. போட்டார்.

முதல் விதியின் ஒத்திகையை நான் நேரில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, தேவாலயத்தின் காலி வாகன நிறுத்தம். ஆரஞ்சு நிறக் கூம்புகளை நட்டு ஓர் இடத்தைக் குறித்திருந்தார்கள். டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது கண்ணாடியைப் பார்த்து எழுதுவதுபோல. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகும். அதற்கு ஓட்டுநர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டால் கை போகும் பக்கமே டிரெய்லரும் போகும். முகாம்களில் மாலை நேரம் புதிதாக வரும் தம்பதி வண்டியை நிறுத்துவதைச் சுற்றியிருப்பவர்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்களாம். பெரும்பாலும் கணவர் ஸ்டியரிங்கில் இருப்பார். மனைவி பின்னால் மழையிலும் இருட்டிலும் நின்று கைகாட்டுவார். மரத்தில் இடித்துவிட்டால் தப்பு கைகாட்டியவருடையது.

அன்று பக்கத்து வீட்டம்மா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கணவர் பின்னால் நின்று கைகாட்டினார். முதல் ஐந்து முறை கூம்பு சாய்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கூம்பை நிமிர்த்தினார். ஆறாவது முறை, "எனக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று சொல், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதே" என்று இந்த அம்மா சன்னல் வழியே கத்தினார். ஒன்பதாவது முறை வண்டி இரண்டு கூம்புகளுக்கும் நடுவே போய் நின்றது. திருமணமான பெண்கள் பலருக்கும் இந்தக் கத்தல் அவசியமானது என்று அன்று தோன்றியது. தகவல் கொடு, கட்டளை வேண்டாம்.

அந்த வாரம் அவருடைய யோசனையின்பேரில் எங்கள் வீட்டில் "தி லாங், லாங் டிரெய்லர்" படம் பார்த்தோம். 1954-இல் வின்சென்ட் மினெல்லி இயக்கியது. லூசில் பாலும் அவருடைய அப்போதைய கணவர் டெசி அர்னாஸும் புதுமணத் தம்பதியாக நடித்த நகைச்சுவைப் படம். டிரெய்லர் வாங்க ஆசைப்படுவது மனைவி. கதையைச் சொல்வது கணவன். அதனால் தொல்லை எல்லாம் அவள் கொண்டுவந்ததாகவே தெரிகிறது. போகும் இடமெல்லாம் நினைவுக்காகக் கற்களைச் சேர்க்கிறாள். மலைச்சாலையில் ஏற எடையைக் குறைக்கச் சொன்னபோது அவற்றைத் தூக்கிப்போட மனமில்லாமல் ஒளித்து வைக்கிறாள். படத்தின் பேர்போன காட்சி, ஓடும் டிரெய்லருக்குள் அவள் இரவு உணவு சமைப்பது. வளைவுகளில் வண்டி சாய, பாத்திரங்களும் மாவும் காய்கறிகளும் அவளும் ஒன்றாகப் புரள்கிறார்கள். முன்னால் காரில் ஓட்டிக்கொண்டிருக்கும் கணவனுக்கு எதுவும் தெரியாது. நாங்கள் மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் பக்கத்து வீட்டம்மா, "இவள் எதற்காக இப்போதே சமைக்கிறாள்? வண்டி நின்றதும் அவன் பசியோடு வருவான் என்று" என்றார். ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருப்பதை இன்று பல மாநிலங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை. வண்டி நிற்கும்போது சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தடுக்க எந்த மாநிலத்திலும் சட்டம் இல்லை.

இத்தனையும் கணவரும் வீடும் இருந்த ஒரு பெண்ணின் கதை. இரண்டும் இல்லாதவர்கள் அதே சாலையில் வேறு காரணத்துக்காகப் போகிறார்கள். ஜெசிக்கா புரூடர் 2017-இல் எழுதிய "நோமேட்லேண்ட்" அவர்களைப் பற்றிய நூல். வீட்டு வாடகை கட்ட முடியாமல் வேன்களிலும் டிரெய்லர்களிலும் வாழ்ந்து, முகாம்களிலும் பொருள் கிடங்குகளிலும் பருவகாலக் கூலிகளாக வேலை செய்யும் முதியவர்களைப் பின்தொடர்ந்து எழுதினார். நூலின் மையத்தில் இருக்கும் லிண்டா மே அறுபது வயதைக் கடந்தவர். க்ளோயி ஜாவ் இயக்கத்தில் அது படமானபோது லிண்டா மே தானாகவே நடித்தார். ஃபிரான்சிஸ் மெக்டார்மண்ட் நடித்த கதாநாயகி கணவரை இழந்தவள். படம் 2021-இல் ஆஸ்கர் பெற்றது. அதைப் பார்த்தவர்கள் பாலைவனத்தின் அந்தி வானத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். பதினோரு சைபர் உள்ள காகிதத்தைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வானம் அவ்வளவாகத் தெரியவில்லை. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுத்த ஆண்டுகள் சைபராகி, அந்தச் சைபர்கள் ஓய்வூதியத்தைக் குறைத்து, குறைந்த ஓய்வூதியம் வாடகைக்குப் போதாமல் ஆகும்போது, எஞ்சியிருப்பது நான்கு சக்கரங்கள்தாம். பக்கத்து வீட்டம்மாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவே இருந்தது கணவரின் ஓய்வூதியமும் விற்பதற்கு ஒரு வீடும் மட்டுமே. அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாவது விதி அங்கிருந்துதான் வந்தது.

சாலையில் வாழும் பெண்கள் தங்களுக்கான வழிகளையும் உருவாக்கியிருக்கிறார்கள். 1991-இல் தொடங்கிய "ஆர்விங் விமன்" பெண்களுக்கான சங்கம். ஒருவருக்கொருவர் ஓட்டவும் பராமரிக்கவும் கற்றுத்தருகிறார்கள். ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 1978-இல் தொடங்கிய "எஸ்கேப்பீஸ்" சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டன் நகரில் இயங்குகிறது. முழுநேரம் சுற்றுகிறவர்களுக்கு முகவரி வேண்டும், கடிதம் வர வேண்டும், ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க வேண்டும். அதற்கெல்லாம் அங்கே ஏற்பாடு உண்டு. முதுமையாலோ நோயாலோ இனி ஓட முடியாதவர்கள் தங்கள் வண்டியை அங்கே நிறுத்திக்கொண்டு, அதற்குள்ளேயே வாழ்ந்தபடி உணவும் பராமரிப்பும் பெறலாம். ஓடாத வண்டிகள் வரிசையாக நிற்கும் அந்த இடத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அது சோகமாகத் தோன்றவில்லை. இறங்கும் இடத்தை முன்கூட்டியே கட்டிவைத்த விவேகமாகத் தோன்றியது.

சங்க இலக்கியம் நடத்தும் எனக்கு வண்டியும் குடும்பமும் என்றால் பெரும்பாணாற்றுப்படையின் உமணர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். உப்பு விற்கும் குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் நெடுந்தொலைவு போகும் காட்சி. வண்டியில் கோழிகளுக்குக் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த கலம் கட்டப்பட்டிருக்கிறது. அடுக்களை கூடவே போகிறது. மாடுகளை ஓட்டுகிறவள் குழந்தை உடைய ஒரு பெண். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது உரலைப் பற்றியும் கோழியைப் பற்றியும்தான் நெடுநாள் பேசிவந்திருக்கிறார்கள். ஒஹாயோவிலிருந்து திரும்பி வந்த ஆண்டு என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "அம்மா, ஓட்டுறதும் அவதான், குழந்தையும் அவளோடதான். அப்போ வண்டி நின்னதும் உரல்ல குத்துறது யாரு?" பாட்டில் அதற்கு விடை இல்லை. கேள்வி சரியான கேள்வி. பெண் ஸ்டியரிங்கைப் பிடிப்பது மட்டும் போதாது. அவள் ஓட்டும் நாளில் உரல் யார் கையில் என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

அவர்கள் அந்தச் செப்டம்பரில் கிளம்பிப் போனார்கள். முதல் குளிர்காலத்தை அரிசோனாவின் குவார்ட்சைட் அருகே பாலைவனத்தில் கழித்தார்கள். அங்கே கூட்டரசு நிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தங்க அப்போது ஒரு பருவத்துக்கு 180 டாலர் கட்டணமாக இருந்தது. தண்ணீரும் தொட்டி கவிழ்க்கும் இடமும் உண்டு. மின்சாரத்துக்குச் சூரியத் தகடுதான். தங்கை வழியாகப் படங்கள் வந்தன. ஒரு படத்தில் கையுறையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு இந்த அம்மா சிரிக்கிறார்.

இரண்டாம் ஆண்டு முடிவில் தாளின் கதி என்ன என்று எழுதிக் கேட்டேன். நீளமாகப் பதில் எழுதியிருந்தார். ஓட்டுவது சரிபாதியாக நடக்கிறது. ஏறத்தாழ 2,000 மைல் திரும்பி வந்தபோது கணவரின் முழங்கால் வீங்கிவிட்டதால் இவரே அதிகம் ஓட்டினார். தொட்டிகளும் அப்படியே. சமையல் நழுவிவிட்டது. கணவரின் முறையன்று ரொட்டிக்கு நடுவே எதையாவது வைத்துச் சாப்பிடுகிறார்கள், அல்லது சாலையோரக் கடைக்குப் போகிறார்கள். காலைச் சாப்பாட்டை மட்டும் அவர் ஒழுங்காகச் செய்கிறார், என்ன செய்வது என்று கேட்பதில்லை. மூன்று மாதம் ஐந்து மாதமாகிவிட்டது. பாடகர் குழுவில் இவர் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார். ஐந்தாவது கணக்கில் பணம் அப்படியே இருக்கிறது. சக்கர அச்சு பழுதானபோதும் அதைத் தொடவில்லை. தொடலாமா என்று கணவர் கேட்கவும் இல்லை. "பாலைவனத்தில் விடியற்காலை மிக அழகு. அதை நான் படுக்கையிலிருந்தே பார்க்கிறேன், அவர் காப்பி போடுகிறார்" என்று முடித்திருந்தார்.

முதுகலை வகுப்பில் பெண்ணியத் தாள் நடத்தும்போது இந்த ஐந்து விதிகளைக் கரும்பலகையில் எழுதுகிறேன். பிறகு டிரெய்லரை அழித்துவிட்டு, இருபது ஆண்டு கழித்து நீங்கள் இருக்கப்போகும் வீட்டுக்கு இதேபோல் ஐந்து எழுதுங்கள் என்கிறேன். சமையல், குழந்தை, மாமியார் வீட்டு விருந்தாளிகள், தன் அம்மாவைப் பார்க்கப் போவது என்று நான்கு வரை கிடுகிடுவென எழுதுவார்கள். பணத்தைப் பற்றிய வரி வந்ததும் பேனா நிற்கும். "அதை எப்படிம்மா எழுதுறது, கேட்டா தப்பா நினைப்பாங்களே" என்பார்கள். யார் தப்பாக நினைப்பார்கள் என்று கேட்டால் பதில் வராது. இன்னும் திருமணமே ஆகாதவர்கள் அவர்கள். மணி அடித்தாலும் தாளை வாங்காமல் காத்திருக்கிறேன். போன ஆண்டு நாற்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் ஐந்தாவது வரியை எழுதிக் கொடுத்தார்கள்.